ஒரே ஒலியுள்ள ஆங்கிலச் சொற்களை மாற்றி எழுதிவிடுகிறேன். எப்படித் திருத்திக்கொள்வது?

நீங்கள் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டவர் என்று ஊகிக்கிறேன். மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த பிறகு யாரோ சிரித்திருக்கிறார்கள், அப்படித்தானே? என்னைப் பார்த்து ஒரு கம்பெனியே சிரித்தது.

2011 ஜனவரிக் கடைசியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவன். துணி கிடங்கில் மலைபோல் கிடக்கிறது, சாயமேற்ற இடமில்லை. லாரி பிடித்து வெளியூர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். இங்கிலாந்து பையருக்கு நிலைமையை விளக்கி இரவு பதினொரு மணிக்கு ஒரு மின்னஞ்சல் அடித்தேன்.

சாயமிடுவது டையிங். அதில் ஒய் எழுத்துக்குப் பின்னால் ஓர் ஈ வர வேண்டும். விட்டுவிட்டேன். ஈ இல்லாவிட்டால் அது சாவது. ஆக, நான் எழுதியனுப்பியது: 'நீதிமன்ற உத்தரவால் எங்கள் ஊரில் சாவது நிறுத்தப்பட்டுள்ளது.' அதோடு விட்டேனா? பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு 'பேர் வித் அஸ்' போட்டேன். பி-ஈ-ஏ-ஆர் என்று இருக்க வேண்டியது பி-ஏ-ஆர்-ஈ ஆகிவிட்டது. எங்களோடு சேர்ந்து ஆடையைக் களையுங்கள் என்று பொருள்! ஆடை விற்கிற கம்பெனி எழுதுகிற கடிதமா அது? இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கணினி ஒரு சிவப்புக் கோடுகூடப் போடவில்லை.

மறுநாள் பதில் வந்தது. 'உங்கள் நீதிமன்றத்துக்கு வாழ்த்துகள், இங்கே நாங்கள் இன்னும் செத்துக்கொண்டுதான் இருக்கிறோம். இரண்டாவது வேண்டுகோளை ஏற்க இங்கே குளிர் விடாது.'

ஆங்கிலம் தெரியாதவன் ஏற்றுமதிக்கு ஏன் போனான் என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1755-இல் வந்த ஜான்சன் அகராதியிலேயே சாவுக்கும் சாயத்துக்கும் ஒரே எழுத்துக்கூட்டுதான். பணியில் சேர்ந்ததைப் 'பனியில் சேர்ந்தேன்' என்று எழுதும் அன்பர்கள் இந்தத் தளத்தில் எத்தனை பேர் என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், நான் மொழியியல் படித்தவன் அல்லன். தமிழ் வழியில் படித்த காலத்தில் இந்தத் தவற்றை நான் செய்ததே இல்லை. புதன்கிழமையை 'வெட்-நெஸ்-டே' என்று எழுத்தெழுத்தாக உருப்போட்டவன் எப்படிப் பிசகுவான்? வேறு தவறுகள் ஆயிரம் செய்தேன், அது வேறு. பையர்களோடு தொலைபேசியில் நாலைந்து வருடம் பேசி, ஆங்கிலம் சரளமான பிறகுதான் இது தொடங்கியது. காது சொல்லச் சொல்லக் கை எழுதுகிறது. பிறந்தது முதல் ஆங்கிலம் பேசுகிறவர்களும் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஆகவே ரொம்பவும் கூசிப்போக வேண்டாம். நமக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு: ஆங்கிலத்தின் வி, டபிள்யூ இரண்டையும் ஒரே 'வ'வாகச் சொல்கிறோம். கையில்லாத பனியனும் மேற்குத் திசையும் நம் வாயில் ஒரே 'வெஸ்ட்'தான். அங்கே அப்படி இல்லை.

அனுப்புமுன் ஒருமுறை பள்ளிக்கூட உச்சரிப்பில் படித்துப் பாருங்கள். 'டை-யெ-யிங்' என்றால் சாயம். 'பரே' என்றால் அம்மணம், 'பியர்' என்றால் பொறுமை (கரடிக்கும் அதே எழுத்துதான்). மனத்துக்குள் படியுங்கள், பக்கத்து இருக்கைக்காரர் பயந்துவிடப் போகிறார்.

முதலாளியின் மருமகன் அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கட்டிங் பிரிவு வரை கொண்டுபோய்க் காட்டினார். அதைக்கூட மன்னித்துவிட்டேன். தாமதமான சரக்கை விமானத்தில் அனுப்பிய செலவுக்காக அந்தத் தீபாவளிக்கு எங்கள் பிரிவின் போனஸைப் பாதியாக வெட்டினார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பட்டறையை மூடியது நானா? கேட்டதற்கு, 'முதலில் இங்கிலீஷைச் சரியாக எழுதப்பா' என்றார் மருமகன்.

அடுத்த வருடமே வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். இன்றுவரை எந்த மின்னஞ்சலிலும் டையிங் என்ற சொல்லையே நான் போடுவதில்லை. 'கலரிங்' என்று எழுதுகிறேன். பையர்களுக்குப் புரிகிறது.