மாசுபட்ட நிலத்தடி நீரைச் சுத்தம் செய்வதன் பயனைப் பணத்தில் எப்படிக் கணக்கிடுவார்கள்?

தண்ணீர் சுத்தமானால் எந்தச் செலவு மிச்சமாகும், எந்த வருமானம் திரும்பும் என்பதுதான் தொடக்கம். திருப்பூரில் சாயக்கழிவின் உப்பு நொய்யல் கரைக் கிணறுகளில் இறங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அங்கே விலைக்கு வாங்கும் லாரித் தண்ணீர், விளைச்சல் இழப்பு, சரிந்த நில விலை ஆகிய மூன்றையும் அளக்கலாம். ஆனால் அப்படியே கூட்டிவிடக் கூடாது. உப்புக் கிணறு உள்ள தோட்டம் விலை போகாதது, அதில் மஞ்சள் விளையாது என்பதால்தானே? விளைச்சல் இழப்பு நில விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஒரே நஷ்டத்தை இருமுறை எண்ணுகிறோம்.

'நல்ல தண்ணீருக்கு மாதம் எவ்வளவு தருவீர்கள்?' என்று மக்களிடம் கேட்கும் முறையும் உண்டு. வாய்ச்சொல்லுக்குக் காசு செலவில்லை என்பதால் அதை நான் பாதிதான் நம்புவேன்.

நிலத்தடி நீர் மெதுவாகத்தான் தேறும் என்பதால் தள்ளுபடி விகிதம் (பின்னால் வரும் பணத்தை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் எனக் குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் விகிதம்) முடிவையே புரட்டிப் போடும்: 30 ஆண்டு கழித்து வரும் 1 லட்சம் ரூபாய்க்கு, 8 சதவீத விகிதத்தில் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 10 ஆயிரம்தான்.