தாத்தாவின் ஹெர்குலிஸ்: எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது?

கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தாத்தா ஓட்டிய ஹெர்குலிஸ் சைக்கிள் இருபது வருஷமாகத் தென்னந்தோப்புக் கொட்டகையில் கிடந்தது. கறுப்புப் பெயின்ட்டும் பொன் கோடும் மங்கலாக இன்னும் இருக்கின்றன. முன் ரிம் துருவேறிவிட்டது, பிரேக் பிடிப்பதில்லை, மிதித்தால் 'கடக் கடக்' என்று சத்தம். மெக்கானிக் சேட்டன் 'மொத்தமா பெயின்டடிச்சு புத்தனாக்கித் தராம்' (புதுசாக்கித் தருகிறேன்) என்கிறார். எனக்கு ஓட்டவும் வேண்டும், அதன் பழைய முகமும் வேண்டும். புது ரிம் போட்டால் அது மட்டும் தனியாகப் பளபளக்காதா?"

முதல் வேலையாக, பெயின்ட் வேண்டாம் என்று சேட்டனிடம் சொல்லிவிடுங்கள். மற்ற வேலைகளில் தப்பு நடந்தால் பெரும்பாலும் பிறகு சரிசெய்துவிடலாம். அந்தக் காலத்து எனாமலைச் சுரண்டிவிட்டால் அது போனதுதான். சூடேற்றி இறுக வைத்த பூச்சு அது. இன்றைய ஸ்பிரே பெயின்ட்டில் அந்த ஆழமான கறுப்பு வராது. கால் உரசி உரசிப் பார் குழாயில் பெயின்ட் தேய்ந்த இடம் இருக்கும் பாருங்கள், தாத்தா தினமும் காலைத் தூக்கிப் போட்ட இடம் அதுதான்.

என் கணக்கு இது: உயிரைத் தாங்கும் சாமானெல்லாம் தயங்காமல் புதுசு, கண்ணுக்குத் தெரியும் சாமானெல்லாம் முடிந்தவரை பழசு. பிரேக் கட்டை, டயர், ட்யூப், செயின், பால்ஸ் (சுழலும் இடங்களில் உள்ள இரும்புக் குண்டுகள்), காட்டர் பின் (பெடல் மாட்டிய கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆணி) முதல் வகை. பெயின்ட், மட்காடு, செயின் கவர், சீட்டு, ஹேண்டில் பார், முன்னால் உள்ள பேட்ஜ் இரண்டாம் வகை. ரிம்மும் ஸ்போக்ஸும் இரண்டிலும் சேருவதால்தான் உங்களுக்குக் குழப்பம் வந்திருக்கிறது.

ரிம்மை உடனே கழற்றி எறிய வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி, டயரையும் நிப்பிள்களை (ஸ்போக்ஸை ரிம்மோடு பிடிக்கும் சின்ன நட்டுகளை) மூடியிருக்கும் நாடாவையும் எடுத்துவிட்டு உள்பக்கம் பாருங்கள். வெளியே எவ்வளவு துரு இருந்தாலும் பரவாயில்லை. நிப்பிள் உட்காரும் துளைகளைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்துங்கள். தகடு பொடிந்தாலோ, துளையைச் சுற்றி விரிசல் தெரிந்தாலோ அந்த ரிம் ஓட்டத்துக்கு ஆகாது. கெட்டியாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். அடுக்களையில் இருக்கும் அலுமினிய ஃபாயிலைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். குரோமியத்தைவிட அலுமினியம் மென்மையானது என்பதால் கீறல் விழாமல் துரு மட்டும் பழுப்புச் சேறாக இறங்கும். புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்த இடங்கள் அப்படியேதான் இருக்கும், இருக்கட்டும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய ஹப்பில் புது ரிம்மைக் கோர்க்கச் சொல்லுங்கள். கடைக்குப் போகுமுன் ஸ்போக்ஸ் துளைகளை எண்ணிக்கொள்ளுங்கள். இந்த வகைச் சைக்கிளில் வழக்கமாக முன்னால் 32, பின்னால் 40. டயரின் பக்கவாட்டில் 28 x 1½ என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்போக்ஸ் வாங்கும்போது பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் கம்பி வேண்டாம், துத்தநாகம் பூசிய சாதாரணக் கம்பியே போதும். ஒரு மழைக்காலத்திலேயே சாம்பல் நிறமாகி, பழசோடு ஒட்டிப்போகும்.

சரி, புது ரிம்மின் பளபளப்பை என்ன செய்வது? பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்வார்கள். குரோமியம் கரைந்து அடியிலுள்ள நிக்கல் லேசான மஞ்சளாகத் தெரியும், உண்மைதான். ஆனால் அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். ஸ்போக்ஸ் துளைக்குள் தங்கும் ஆசிட் ரிம்மை உள்ளேயிருந்தே தின்னும். வேண்டவே வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை நனைத்து, ரிம்மின் வளைவோடு ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தால் கண்ணாடி போன்ற பளபளப்பு போய் மங்கலான வெள்ளி நிறம் வரும். அது போதும். செயற்கையாகத் துருவை வரவழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தாத்தா சைக்கிளில் தாத்தா காலத்துத் துருதான் இருக்க வேண்டும். புதுசு கண்ணை உறுத்தாமல் அடங்கியிருந்தால் சரி.

கேபிள் இல்லாமல் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக் என்பதால் கட்டை ரிம்மின் உள்முகத்தில், ஹப்பைப் பார்த்த பக்கத்தில் உரசும். அந்த முகத்தில் எண்ணெய், மெழுகு எதுவும் படக் கூடாது. பழைய ரப்பர் இறுகிக் கல்லாகியிருக்கும், அதனால்தான் உங்களுக்குப் பிரேக் பிடிக்கவில்லை. புதுக் கட்டை போட்டாலும் நனைந்த இரும்பு ரிம்மில் பிடிப்பு குறைவுதான். மழையில் முன்கூட்டியே பிடித்துப் பழகுங்கள்.

'கடக் கடக்' என்பது பெரும்பாலும் காட்டர் பின். பெடல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டினால் பின் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கழற்றும்போதுதான் சேதம் நடக்கும். நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி, கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்து, ஒரே அடியாக அடிக்க வேண்டும். முட்டில்லாமல் பத்துத் தடவை தட்டினால் உள்ளே பால்ஸும் அவை உட்காரும் கப்பும் அடிபடும். புதுப் பின்னை வாங்கப் பழையதைக் கையோடு எடுத்துப்போங்கள், தடிமன் வித்தியாசப்படும். பால்ஸ் மாற்றினால் ஒரு கப்பில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பேட்ஜையும் ஒரு முறை பாருங்கள். ஹெர்குலிஸ் 1910-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தொடங்கியது. நம் ஊரில் அந்தப் பெயரில் சைக்கிள் செய்தது 1949-ல் தொடங்கிய சென்னை டி.ஐ. சைக்கிள்ஸ். உங்களுடையது எங்கே செய்தது என்பதை அதிலேயே எழுதியிருக்கும். எதுவானாலும் மரைகள் அங்குலக் கணக்கு. இன்றைய மில்லிமீட்டர் போல்ட்டை ஸ்பானர் வைத்துத் திணித்தால் மரை போய்விடும். பழைய நட்டுகளையே மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் திரும்பப் போடுங்கள். பேட்ஜை மட்டும் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். என் அப்பாவின் சைக்கிள் பேட்ஜை ஒரு பட்டறையில் கொடுத்தேன். பஃபிங் சக்கரத்தில் எழுத்தெல்லாம் தேய்ந்து மொட்டைப் பித்தளைத் தகடாகத் திரும்பி வந்தது. இன்றும் அந்தச் சைக்கிளின் முன்னால் நிற்கும்போது மனசு வலிக்கிறது.

பெயின்ட்டைக் கழுவக் குளிக்கும் சோப்பும் பழைய பனியன் துணியும் போதும். தின்னர், பெட்ரோல் வேண்டாம், எழுத்து ஸ்டிக்கர் கரைந்துவிடும். முதலில் அடிப்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தேய்த்துப் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்கு வாருங்கள். பெயின்ட் போய் இரும்பு தெரியும் இடங்களில் தளர்ந்த துருவை எடுத்துவிட்டு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அது காய்ந்து தோல் போலப் படிந்து ஈரத்தைத் தடுக்கும். பழுப்பு நிறமும் அழகாக நிற்கும். தேங்காய் எண்ணெய் அப்படிக் காயாது, தூசியைத்தான் இழுத்து வைக்கும். ஒரு எச்சரிக்கை: லின்சீட் ஆயில் தொட்ட துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

சீட்டு தோலாக இருந்தால் கவனமாக இருங்கள். அதில் இரண்டு குழிவுகள் தெரியும், தாத்தா உட்கார்ந்து உட்கார்ந்து ஏற்பட்டவை. காய்ந்த தோலின் போல்ட்டை இறுக்கினால் கிழிந்துவிடும். தோலுக்கான கொழுப்பு மெழுகை அடிப்பக்கமாகத் தடவி, நாலைந்து நாள் விட்டு, மறுபடி தடவுங்கள். எண்ணெயில் ஊறவைத்தால் தோல் தொய்ந்து, அந்தக் குழிவு பள்ளமாகிவிடும். கிழிந்தே போயிருந்தால், செருப்புத் தைப்பவரிடம் உள்ளே இன்னொரு தோல் கொடுத்துத் தைக்கச் சொல்லலாம்.

கழற்றும் ஒவ்வொரு சாமானையும், உபயோகமில்லாத ரிம் உட்பட, எடுத்து வையுங்கள். சின்னவற்றைத் துடைத்து எண்ணெய் தொட்டு ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, எதில் இருந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தால் போதும். அப்புறம், கொட்டகையில் இனிமேல் மண் தரையில் நிறுத்தாதீர்கள். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) ஆரம்பித்தால் தரை ஈரம் ரிம்மில்தான் முதலில் ஏறும். இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் பலகை போட்டு நிறுத்துங்கள்.