ஒரு டிஸ்க்கை ஒதுக்கினால் டேட்டா போய்விட்டதா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சின்னதாக ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகிறேன். கணக்கெல்லாம் லினக்ஸ் சர்வரில் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ரெய்டு 1-ஆக, அதாவது ஒரே தகவல் இரண்டிலும் பதிவாகும்படி இருக்கிறது. போன வாரம் கரண்ட் போய் வந்ததிலிருந்து, ஆன் செய்தால் ‘கிக்கிங் நான்-ஃப்ரெஷ் எஸ்டிபி1 ஃப்ரம் அரே’, ‘ஆக்டிவ் வித் 1 அவுட் ஆஃப் 2 மிரர்ஸ்’ என்று ஓடுகிறது. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில், ரெய்டே உடைந்துவிட்டது, ரெகவரிக்கு 35,000 ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சர்வர் ஆன் ஆகி ஃபைல்கள் திறக்கின்றன என்றால், இரண்டில் ஒரு டிஸ்க் முழுதாக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

மாற்றங்கள் பதிவாகப் பதிவாக, இரண்டு டிஸ்க்கிலும் ஒரு எண் ஏறிக்கொண்டே வரும். ஒன்று பின்தங்கினால், பழைய தகவல் கலந்துவிடாமல் இருக்க லினக்ஸின் மையமான கெர்னல் அதை ஒதுக்கிவிடும். அதைத்தான் ‘நான்-ஃப்ரெஷ்’ என்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் நீங்கள் கடைக்கு ஓடியிருக்க வேண்டாம். இத்தனை வருடமாகியும் யாரும் சேர்க்கவில்லை.

இன்றைக்கே எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஒதுக்கப்பட்ட டிஸ்க்கைத் திரும்பச் சேர்க்கும்போது, மிச்சமிருக்கும் டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டி வரலாம். வயதான டிஸ்க் அந்த நேரத்தில்தான் காலை வாரும்.

காப்பி முடிந்ததும், ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் (mdadm) கட்டளையில் ‘எக்ஸாமின்’ கொடுத்து, ஒதுக்கப்பட்ட டிஸ்க்கான எஸ்டிபி1-இன் (sdb1) ‘அப்டேட் டைம்’ என்ன என்று பாருங்கள். போன வார தேதி என்றால் சரி. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி என்றால், அன்றிலிருந்து ஒற்றை டிஸ்க்கில்தான் ஓடியிருக்கிறீர்கள்.

அப்புறம் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளை. அதில் 5, 197 என்ற எண்ணோடு தொடங்கும் வரிகள் டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைச் சொல்லும். அவற்றின் கடைசி எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். 199-ஆம் வரி மட்டும் தனிக் கதை. அது சிஆர்சி பிழை, அதாவது டேட்டா போய்வரும் வழியில் நேரும் பிழை. அந்த எண் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் மேல் தப்பில்லை, டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது, அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். கேபிளை மாற்றிய அன்று எண்ணைக் குறித்து வையுங்கள், நாலு நாள் கழித்துப் பாருங்கள். ஏறாமல் நின்றால் கேபிள்தான். இருநூறு ரூபாய்கூட ஆகாத கேபிளுக்காக நல்ல டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு புதிதை விற்பவர்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. ‘புது’ டிஸ்க் வாங்கினாலும் 9-ஆம் வரியைப் பாருங்கள். ஓடிய மணிநேரம் ஆயிரக்கணக்கில் இருந்தால் பழைய சரக்கு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டிஸ்க் நன்றாக இருந்தால் எம்டிஆட்மில் ‘ஆட்’ கொடுத்துச் சேர்த்தால் போதும். ரெய்டின் நிலையைக் காட்டும் /proc/mdstat ஃபைலில் ‘யு’வும் அடிக்கோடுமாக இருந்த இடத்தில் இரண்டு ‘யு’ வரும் வரை விடுங்கள். யார் சொன்னாலும் ‘கிரியேட்’ கட்டளையை மட்டும் அடிக்க விடாதீர்கள். ரெய்டின் பழைய குறிப்புகளை அழித்துப் புதிதாக எழுதிவிடும். அதற்குப் பிறகு நிஜமாகவே ரெகவரிக்குத்தான் அலைய வேண்டும்.

டிஸ்க் விலகினால் எம்டிஆட்ம் மெயில் அனுப்பும், ஆனால் வழக்கமாக அது போவது சர்வரின் நிர்வாகி கணக்கான ‘ரூட்’ பெயருக்கு. அதை யாரும் திறப்பதில்லை. எம்டிஆட்ம் கான்ஃப் ஃபைலில் ‘MAILADDR’ என்ற வரியில் உங்கள் முகவரியைப் போட்டு, ஒரு டெஸ்ட் மெயில் உங்களுக்கு வந்து சேர்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.