தோட்டா நிரப்பும் நாட்களுக்கு நடுவே வெடிமருந்தை எப்படி வைப்பது?

பெர்த்தில் உரிமத்தோடு காலித் தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்பும் உங்கள் மச்சான், மிச்ச மருந்தை அடுத்த வாரம் வரை அளக்கும் கருவியிலேயே விட்டுவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். வேலை முடிந்த கையோடு, அது வந்த டப்பாவிலேயே திருப்பிக் கொட்டி இறுக மூடச் சொல்லுங்கள்.

நைட்ரோகிளிசரின் கலந்த புகையற்ற மருந்து, கருவியின் பிளாஸ்டிக் குழாயை மெல்ல அரித்து மங்கலாக்கிவிடும். ஈரக்காற்று பட்டால் எரியும் வேகமும் மாறும். இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது வேறு: அடுத்த முறை உட்காரும்போது உள்ளே இருப்பது எந்த ரகம் என்ற குழப்பம். பல ரகங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேகமாக எரியும் ரகம் தவறான தோட்டாவுக்குள் போனால் துப்பாக்கியே வெடித்துவிடும். சந்தேகம் வந்த மருந்தைப் பயன்படுத்தவே கூடாது.

டப்பாவைக் காற்றுப் புகாத கனமான இரும்புப் பெட்டியில் அடைக்கக் கூடாது. தீப்பிடித்தால் அழுத்தம் ஏறி அதுவே குண்டாகிவிடும். வெயில் படாத, உலர்ந்த இடம் போதும். பிரைமர், அதாவது தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, தனியாக இருக்கட்டும். திறந்ததும் மூக்கைக் குத்தும் புளித்த நெடியோ, செம்பழுப்புத் தூளோ தெரிந்தால் மருந்து கெட்டுவிட்டது.

அப்புறம், சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் வெடிமருந்து வைத்திருப்பதே குற்றம். விமானத்திலும் அதற்கு அனுமதி கிடையாது. மச்சான் இங்கே வரும்போது பெட்டியில் ஒரு சிட்டிகைகூட இருக்கக் கூடாது.