பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கும் மகள் நில அதிர்வு ஆய்வுக்குப் போகலாமா?

ஐயா,

பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கும் மகளை நில அதிர்வு ஆய்வுக்கு அனுப்பலாமா, வீடியோவில் பார்த்ததுபோல் சம்மட்டியால் தரையை அடிப்பதுதான் அங்கே வேலையா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சம்மட்டி உண்மைதான். பாலமோ அணையோ மெட்ரோ சுரங்கமோ, அடித்தளம் போடுமுன் மண் எத்தனை மீட்டர், பாறை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தாக வேண்டும். ஆழ்துளை (போர்) போட்டால் அந்த ஓர் இடம் மட்டும்தான் தெரியும். இரண்டு போர்களுக்கு நடுவே என்ன கிடக்கிறது என்று சொல்வதற்குத்தான் இந்த ஆய்வு. தரையில் இரும்புத் தகட்டை வைத்து 8 கிலோ சம்மட்டியால் அடிப்பார்கள். அந்த அதிர்வு கீழே போய், பாறையின் மேல்முகத்தை ஒட்டி ஓடி, திரும்ப மேலே வரும்போது வரிசையாக ஊன்றிய ஜியோபோன்கள் (தரையின் அதிர்வை உணரும் சிறு கருவிகள்) அதைப் பிடிக்கும். அடிப்பது பெரும்பாலும் உதவியாளர். உங்கள் மகளுக்குச் சம்பளம் தருவது, கருவித் திரையைப் பார்த்து "இந்தப் பதிவு தேறாது, இன்னொரு அடி போடுங்க" என்று சொல்லத் தெரிந்ததற்காக.

அதைச் சொல்ல என்னென்ன தெரிய வேண்டும்? 24 ஜியோபோன்களை 3 மீட்டர் இடைவெளியில் ஊன்றினால் வரிசையின் நீளம் 69 மீட்டர். நம்பிச் சொல்லக்கூடிய ஆழம் இதில் நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 14 முதல் 17 மீட்டர். "30 மீட்டர் ஆழப் பாறையைக் காட்டுங்கள்" என்று ஒப்பந்தக்காரர் கேட்டால், இந்த வரிசைக்கு அது எட்டாது என்று வேலை தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும். இரண்டு முனைகளிலும் நடுவிலும், இரு பக்கமும் வரிசைக்கு வெளியே தள்ளியும் அடிக்க வேண்டும். பாறை சாய்ந்திருக்கும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் அடித்தால் வேகமே தப்பாக வரும்.

பிழைகள் பெரும்பாலும் அற்ப இடங்களில்தான் தொடங்கும். சம்மட்டிக் கைப்பிடியில் டேப் சுற்றி ஒட்டியிருக்கும் ட்ரிகர் சுவிட்சின் (அடி விழுந்த கணத்தைக் கருவிக்குச் சொல்வது) வயர் அடிக்கடி அறும். சம்மட்டியைத் தூக்கும்போதே தட்டுப்பட்டுக் கருவி பதிவைத் தொடங்கிவிடும். மேல்மண்ணில் அலையின் வேகம் விநாடிக்கு 400 மீட்டர் என்றால், 2 மில்லி விநாடி நேரப் பிழை ஆழத்தில் சுமார் 40 சென்டிமீட்டரைத் தின்றுவிடும். ஒரு முனையில் அடித்து மறுமுனையில் படித்த நேரமும், அங்கே அடித்து இங்கே படித்த நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் ட்ரிகரைச் சந்தேகிக்க வேண்டும். காய்ந்த தரையில் ஆடுகிற ஜியோபோன், தார்ச்சாலையில் ஆணியைக் கழற்றித் தட்டு மாட்ட மறந்தது, பக்கத்தில் ஓடும் பம்ப்செட் எல்லாம் திரையில் தெரியும். லாரிச் சத்தம் மிகுந்த இடத்தில் ஒரே இடத்தில் 9 முறை அடித்துக் கூட்டினால் அலை 9 மடங்காகும், இரைச்சல் 3 மடங்குதான் ஏறும்.

இவையெல்லாம் ஆறு மாதத்தில் கைவந்துவிடும். ஆளை ஏமாற்றுவது தண்ணீர். நீர் ஊறிய மணலில் அழுத்த அலை (மண்ணை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு போகும் அலை) விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். மேலே காய்ந்த மண்ணில் 400. தூரத்துக்கு எதிராக அலை வந்த நேரத்தைக் குறித்த வரைபடத்தில் கோடு பளிச்சென்று மடங்கும். காவிரிப் படுகையில் 3 மீட்டர் ஆழத்தைக் காட்டி அப்படி மடங்குவதைப் பார்த்துச் 'சிதைந்த பாறை' என்று அறிக்கை எழுதினால் பைலின் (மண்ணுக்குள் இறக்கும் அடித்தளத் தூணின்) நீளமே தப்பாகிவிடும். அது நிலத்தடி நீர்மட்டம். நல்ல கருங்கல், சார்னகைட் பாறை என்றால் 5,000ஐ ஒட்டி வரும். குறுக்கலை (மண்ணைப் பக்கவாட்டில் அசைத்தபடி போகும் அலை) தண்ணீரில் ஓடாது; அதனால் நீர்மட்டம் அதை அவ்வளவாக மாற்றாது. சந்தேகம் தீர்க்க அதனால்தான் எம்.ஏ.எஸ்.டபிள்யூ. என்ற மேற்பரப்பு அலை முறைக்குப் போகிறார்கள். அதே சம்மட்டிதான், ஆனால் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன். 0.2 விநாடிக்குப் பதில் 1, 2 விநாடி பதிவு செய்து, மேற்பரப்பு அலையிலிருந்து குறுக்கலை வேகத்தைக் கணிப்பார்கள். மேல் 30 மீட்டரில் அந்த வேகத்தின் சராசரி விநாடிக்கு 180 மீட்டருக்குக் கீழே என்றால் நிலநடுக்கத்தில் அதிகம் ஆடக்கூடிய மெத்து மண். 760ஐத் தாண்டினால் பாறை. கெட்டியான அடுக்குக்குக் கீழே மெத்து அடுக்கு ஒளிந்திருந்தால், முதல் அலை வந்த நேரத்தை வைத்துக் கணிக்கும் முதல் முறைக்கு அது தெரியவே தெரியாது. பாறையையும் இருப்பதைவிட ஆழமாகக் காட்டும். எம்.ஏ.எஸ்.டபிள்யூ. முறையில் அகப்பட வாய்ப்பு உண்டு.

மகளுக்கு இதில் ருசி இருக்கிறதா என்று பார்க்க ஒரு கணக்கு. மேல் அடுக்கில் அலையின் வேகம் விநாடிக்கு 400, கீழ் அடுக்கில் 2,000 மீட்டர், நேர-தூர வரைபடத்தில் இரண்டு அடுக்குகளின் கோடுகளும் 12 மீட்டர் தூரத்தில் சந்திக்கின்றன, கீழ் அடுக்கு எத்தனை ஆழத்தில்? ஸ்நெல் விதியிலிருந்து அவரே சூத்திரத்தை வருவித்து 4.9 மீட்டர் என்று சொல்லட்டும். விடை வந்ததும் "இன்னும் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் தைரியமாக அனுப்புங்கள். கணிதமே பிடிக்காமல், ஊர் சுற்றலாம் என்பதற்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுத்தால் வேண்டாம்.

இயற்பியல் பட்டதாரி என்பது இங்கே குறையே அல்ல. புவி இயற்பியலில் முதுகலை ஆந்திரா பல்கலைக்கழகம், உஸ்மானியா, தன்பாத் ஐ.ஐ.டி., பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இருக்கிறது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (குசாட்) கடல்சார் புவி இயற்பியல். ஐ.ஐ.டி.களில் முதுகலை சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் செப்டம்பர் வாக்கிலேயே திறந்துவிடும். இயற்பியல் தாளை எழுதி எந்தப் படிப்பில் சேரலாம் என்பதை அந்தந்த ஆண்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். 24 சானல் கருவி (24 ஜியோபோன்களை ஒரே நேரத்தில் பதிவது) சொந்தமாக இருக்கிறதா, மாணவர்களே வரிசை போட்டு அடித்துப் பதிவெடுக்கிறார்களா, அல்லது பேராசிரியர் செய்வதை நின்று பார்க்கிறார்களா என்று மூத்த மாணவரிடம் கேளுங்கள். கருவி அலமாரியில் பூட்டிக் கிடக்கும் துறைகளும் உண்டு.

அரசு வேலை என்றால் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் புவி இயற்பியலாளர் பதவிக்கு எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் பதவிகள் சொற்பம். சில ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை மட்டும் நம்பி மூன்று ஆண்டு வீட்டில் உட்கார வைக்காதீர்கள். மண் ஆய்வு, கட்டுமான ஆலோசனை நிறுவனங்களில் சேர்ந்துகொண்டே படிக்கலாம். தொடக்கச் சம்பளம் சாஃப்ட்வேர் வேலை அளவுக்கு இருக்காது. தங்குமிடம், பயணப்படி, விபத்துக் காப்பீடு மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெண் என்பதால் வேலையில் தடையில்லை. களத்துக்கு நாலைந்து பேர் சேர்ந்துதான் போவார்கள். உண்மையான சிரமம் வெயிலும் கழிப்பறையும்தான். நேர்காணலிலேயே களத்தில் என்ன ஏற்பாடு என்று கேட்கலாம், கேட்பதில் கூச்சமே வேண்டாம். களவேலை ஒரு நாள் என்றால் அதன் கணக்கு மூன்று நாள் மேசையில் நடக்கும். அங்கே பைத்தான் தெரிந்தவருக்கு மதிப்பு. ஜியோப்சி, பைஜிம்லி இரண்டும் இலவச மென்பொருள்கள். இந்த விடுமுறையிலேயே அவற்றை நிறுவி, கூட வரும் மாதிரிப் பதிவுகளில் முதல் அலை வந்த நேரத்தைக் குறித்துப் பழகட்டும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 15681 ஆவணத்தையும் ஒருமுறை வாசிக்கட்டும். களத்தில் எப்படி வரிசை போட வேண்டும் என்பது அதில் இருக்கிறது.