முதல் விமானமாக ஸ்பிட்ஃபயர் வேண்டாம்

வணக்கம். இரண்டாம் உலகப்போர் காலத்துப் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் ரிமோட் மாடலை முதல் விமானமாக வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதன் மேல் ஆசை வருவது இயல்புதான். ஆனால் இதுவரை ரிமோட்டையே பிடித்ததில்லை, பறக்க விட வீட்டருகே உள்ள கிரிக்கெட் மைதானம்தான் இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன், முதல் விமானமாக அது வேண்டாம்.

அதன் இறக்கை நுனியை நோக்கி ஒடுங்கிப் போகும். அந்த மாதிரி மாடல்களில் தரையிறங்கும்போது வேகம் அதிகமாகக் குறைந்தால், ஒரு பக்க நுனி தூக்குவிசையை இழந்து விமானம் சட்டென்று கவிழும். பத்தடி உயரத்தில் அதைத் திருத்த நேரமே இருக்காது. என் இரண்டாவது விமானம் இப்படித்தான் போனது.

இறக்கை உடலுக்கு மேலே இருக்கும் ட்ரெய்னர், அதாவது பழகுவதற்கான விமானம், வாங்குங்கள். இறக்கைகள் நுனியை நோக்கி லேசாக மேலே உயர்ந்திருப்பதால், விமானம் கொஞ்சம் சாய்ந்தாலும் தானாகவே நேராகிவிடப் பார்க்கும். நுனிக்கு நுனி சுமார் 1.1 மீட்டர் இறக்கை, ஃபோம் உடல், நான்கு சேனல் (ரிமோட்டில் தனித்தனியாக இயக்கும் நான்கு கட்டுப்பாடுகள்) போதும். ஏரோஸ்கவுட் என்ற ட்ரெய்னர் மாடலைப் போல ப்ரொப்பெல்லர் மூக்கில் இல்லாமல் பின்னால் இருந்தால் இன்னும் நல்லது. மூக்கு மோதினாலும் ப்ரொப்பெல்லர் தப்பிக்கும். ஃபோம் உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

அதற்கு முன் கணினியில் சிமுலேட்டர் ஓட்டுங்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். கைக்கு அது பழகும்வரை நிறுத்தாதீர்கள்.

அப்புறம், ஒவ்வொரு முறையும் பேட்டரியை மாட்டியபின் ஈர்ப்பு மையத்தை, அதாவது விமானம் முன்னும் பின்னும் சாயாமல் சமநிலையில் நிற்கும் இடத்தை, பாருங்கள். வால் கனத்தால் கட்டுப்பாடே இருக்காது. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைக் கண்பார்வையில் வைத்தே சார்ஜ் செய்யுங்கள். மைதானத்தில் ஆளில்லாத, காற்றில்லாத அதிகாலைதான் சரி.