தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலியாகப் போன கொள்ளுத்தாத்தாவின் தம்பியைப் பழைய சென்சஸில் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. நானும் அங்கேதான் தொடங்கினேன். ஒரு வருடம் வீணாகப் போயிற்று. நம் ஊர் சென்சஸில் மிஞ்சியிருப்பது எண்ணிக்கை மட்டும்தான். சென்னை மாகாணத்தில் 1871-லும், இந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் 1881-லும் கணக்கெடுத்தார்கள். தாலுகாவில் எத்தனை வீடு, எத்தனை தலை என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. ஆள் பெயர் இல்லை. பிரிட்டனில் நூறு வருடம் கழித்தும் அமெரிக்காவில் 72 வருடம் கழித்தும் வீட்டுப் படிவங்களையே திறந்துவிடுகிறார்கள். அவர்கள் எழுதிய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். நான் திரும்பினேன்.

ஆனால் உங்கள் அதிர்ஷ்டம், அவர் கப்பல் ஏறியவர். ஊரோடு இருந்த ஏழையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத அரசாங்கம், கூலிக்குப் போனவனைத் தலைமுதல் கால்வரை எழுதி வைத்தது. ஒப்பந்தம் முடியுமுன் ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை, போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம். இப்போது இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள், அதனால் டர்பன் வரை போக வேண்டியதில்லை.

எனக்கு வேண்டியவர் என் தாத்தாவின் சித்தப்பா, பெயர் முனுசாமி. வட ஆற்காட்டிலிருந்து போன முனுசாமிகளைப் பார்த்ததும் தலை சுற்றியது. வயது ஒத்துப்போன ஒருவரைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லியும் விட்டேன். அத்தை பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்துவிட்டார். பிறகுதான் தகப்பன் பெயரைப் பார்த்தேன். வேறு யாரோ வீட்டுப் பிள்ளை.

இரண்டாம் முறை ஆண்டிலிருந்து தொடங்கினேன். 1866-க்கும் 1874-க்கும் இடையில் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றிருந்தது. "தாது வருஷப் பஞ்சத்துக்கு முந்தியே போய்விட்டான்" என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. அந்தப் பஞ்சம் 1876-ல் தொடங்கியது. ஆக, 1860 முதல் 66 வரை, அல்லது 1874, 75. தேட வேண்டிய கப்பல்கள் சட்டென்று குறைந்துவிட்டன.

ஊர்ப்பெயரை நம்பி மட்டும் போகாதீர்கள். எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். வந்தவாசி 'வாண்டிவாஷ்' என்று இருக்கும், அது பரவாயில்லை, ஊகிக்கலாம். எனக்குக் கிடைத்த வரியில் கிராமத்தின் பெயர் பாதியிலேயே முறிந்து 'பாக்' என்று நின்றிருந்தது. வந்தவாசிப் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஏதாவதொரு பாக்கத்தில்தான் விழும். ஜில்லா எல்லையும் அன்றைக்கு வேறு. 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை அதன் பெரும்பகுதி வட ஆற்காட்டில்தான் இருந்தது.

முடிச்சை அவிழ்த்தது அங்க அடையாளம். 'இடது கணுக்காலில் தழும்பு' என்று இருந்தது. ஏர்க்கொழு பட்டுக் கால் கிழிந்த கதையை என் பாட்டி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், நாங்கள்தான் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஆகவே வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பெயரையும் வருடத்தையும் கேட்டு அவர்களைப் படுத்தாதீர்கள். நொண்டி நடப்பாரா, முகத்தில் அம்மைத் தழும்பு உண்டா, கையில் பச்சை குத்தியிருந்ததா என்று கேளுங்கள்.

வாரிசுகளைத் தேடும்போதும் எண்தான் துணை. அங்கே அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகி, முனுசாமி 'மூன்சாமி' ஆகிவிடுவார். ஆனால் பிள்ளைகளின் பிறப்பு, திருமணப் பதிவுகளில் பெற்றோரின் எண்ணைக் குறித்திருப்பார்கள். எங்களுக்கு ஒரு மகளின் திருமணப் பதிவு அப்படித்தான் அகப்பட்டது.

உங்கள் கேள்வியில் ஒரு குறை: அவருடைய தகப்பன் பெயரை நீங்கள் எழுதவில்லை. அவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கும் தகப்பன்தானே. வீட்டில் பழைய கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம் எது இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். 'இன்னார் குமாரர் இன்னார்' என்றுதான் முதல் வரியே தொடங்கும். பெயர் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து தேடலாம்.